அவாய்ட், இவேட், ஷன், எஸ்சூ, பாய்காட்: எதை எங்கே போடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: எதையாவது வேண்டுமென்றே தவிர்த்ததாக ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்திலெல்லாம் உங்களுக்கு ‘அவாய்ட்’ ஒன்றுதான் கைக்கு வருகிறது. அகராதியைப் புரட்டினால் இவேட், ஷன், எஸ்சூ, அப்ஸ்டெய்ன், பாய்காட் என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் தமிழில் ‘தவிர்’, ‘விலக்கு’ என்றே போட்டிருக்கிறார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் இருக்க இவற்றை மாற்றி மாற்றிப் போடலாமா என்கிறீர்கள். நீங்கள் எழுதிப் பார்த்த மூன்று வாக்கியங்களையும் கொடுத்திருக்கிறீர்கள். எண்ணெய்ப் பலகாரங்களை ‘ஷன்’ செய்கிறேன் என்பது ஒன்று. பழைய வேலையில் மேனேஜரோடு வந்த தகராறை ‘இவேட்’ செய்தேன் என்பது வேலை விண்ணப்பத்துக்காக எழுதியது. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தை நாங்கள் ‘பாய்காட்’ செய்தோம் என்பது மூன்றாவது.

மாற்றிப் போட முடியாது. பல வருஷமாக ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதும், மற்றவர்கள் மொழிபெயர்த்ததைத் திருத்துவதும்தான் எனக்கு வேலை. கோர்ட் ஆவணம், பத்திரிகைச் செய்தி, கம்பெனி அறிக்கை என்று எல்லாம் வரும். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் கவிழ்ந்துபோன வாக்கியங்களை எடுத்துப் பார்த்தால், நிறைய இடத்தில் இந்தச் சொற்களில் ஒன்றுதான் இன்னொன்றின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ‘வேண்டுமென்றே’ என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது. அதனால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. தவிர்த்தவருக்கு அப்படித் தவிர்க்க உரிமை இருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் அவர் தவிர்த்தது பொருளையா ஆளையா, தனியாகவா கூட்டாகவா என்று பார்க்கலாம். ஆங்கிலம் படிக்கிறவர் நீங்கள் போட்ட வினைச்சொல்லிலிருந்தே இதையெல்லாம் தீர்மானித்துவிடுவார். நீங்கள் அடுத்த வாக்கியத்தில் விளக்கம் சொல்லும்வரை காத்திருக்க மாட்டார்.

உரிமை விஷயம் பளிச்சென்று தெரிவது வரி விவகாரத்தில். ‘டாக்ஸ் அவாய்டன்ஸ்’ என்றால் சட்டம் அனுமதிக்கிற வழிகளில் வரியைக் குறைத்துக்கொள்வது. ‘டாக்ஸ் இவேஷன்’ என்றால் கட்ட வேண்டிய வரியை மறைத்துக் கட்டாமல் விடுவது, அது குற்றம். தமிழிலும் வரி தவிர்ப்பு, வரி ஏய்ப்பு என்று தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறோம். இந்தியா மற்ற நாடுகளோடு செய்துகொண்ட வரி ஒப்பந்தங்கள் பலவற்றின் தலைப்பைப் பாருங்கள். இரட்டை வரியின் ‘அவாய்டன்ஸ்’, வரி ‘இவேஷனை’த் தடுத்தல் என்று இரண்டும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும். முதலாவது, அரசே செய்து தர விரும்புவது. இரண்டாவது, அரசு பிடிக்க விரும்புவது. இங்கே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் ஒப்பந்தமே தலைகீழாகிவிடும்.

ஆனால் அவாய்ட் என்றாலே சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிச் சலுகை பெறுவதே முக்கிய நோக்கமாக, வியாபார ரீதியில் சாரமில்லாமல் செய்யப்படும் ஏற்பாடுகளைக் கேள்வி கேட்க, 2017 ஏப்ரல் 1 முதல் இங்கே சில விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பெயரே ‘ஜெனரல் ஆன்டி-அவாய்டன்ஸ் ரூல்ஸ்’. குற்றம் என்று சொல்லிவிட முடியாதது, ஆனால் ஏற்றுக்கொள்ளவும் முடியாதது என்ற இடைப்பட்ட நிலத்தில் அவாய்டன்ஸ் அங்கே நிற்கிறது. வரித் துறைக்கு வெளியே சாதாரணப் பேச்சில் அவாய்டுக்கு அந்தக் கறை இல்லை. மழையில் நனையாமல் ஒதுங்குவதும் அவாய்ட்தான், கடன்காரனைப் பார்க்காமல் அடுத்த தெருவில் போவதும் அவாய்ட்தான். அது எந்தத் தீர்ப்பும் சொல்லாது. அதனால்தான் அது எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது; அது அடிக்கடி வருகிறதே என்று நீங்கள் சங்கடப்படத் தேவையில்லை.

இவேட் அப்படி இல்லை. சந்தித்தே ஆக வேண்டிய ஒன்றிலிருந்து நழுவியதாக அது குற்றம் சாட்டுகிறது. போலீஸை இவேட் செய்யலாம், கைதை இவேட் செய்யலாம், நேரான கேள்வியை இவேட் செய்யலாம். ஒவ்வொன்றிலும் எதிரே நிற்கிறவருக்கு உங்களை நிறுத்தி வைக்க ஒரு பாத்தியதை இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908இன் 8ஆவது ஆணையில் 4ஆவது விதிக்கு ‘இவேஸிவ் டினையல்’ என்றே தலைப்பு. மழுப்பலான மறுப்பு என்று தமிழில் சொல்லலாம். அந்த விதி எடுத்துக்காட்டோடு விளக்குகிறது: பிரதிவாதி ஒரு குறிப்பிட்ட தொகை வாங்கினார் என்று வாதி சொன்னால், ‘அந்தத் தொகையை நான் வாங்கவில்லை’ என்று மட்டும் மறுத்தால் போதாது. அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல வேண்டும். 50,000 ரூபாய் வாங்கவில்லை என்று சொல்கிறவர் 48,000 வாங்கியிருக்கலாம் அல்லவா? அவர் சொன்னதில் பொய் இல்லை, பதிலும் இல்லை. இவேட் என்ற சொல்லின் உள்ளுக்குள் இருப்பது இந்த நழுவல்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். மேனேஜரோடு வந்த தகராறை இவேட் செய்தேன் என்று எழுதினால், படிக்கிற எச்.ஆர். அதிகாரிக்கு அது எப்படிப் படும்? பதில் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று இருந்தது, இவர் அதிலிருந்து தப்பித்திருக்கிறார் என்று படும். நீங்கள் சொல்ல வந்தது பொறுமையாக இருந்ததைப் பற்றி. அதற்கு அவாய்டட் போதும். தகராறு மற்றவர்களுக்குள் நடந்து நீங்கள் தலையிடாமல் இருந்திருந்தால் ‘ஸ்டேட் அவுட் ஆஃப்’ இன்னும் இயல்பு. இந்த ஒரு இடத்தை மட்டும் கட்டாயம் திருத்திவிட்டு அனுப்புங்கள், ஏனென்றால் மற்ற இரண்டு வாக்கியங்களும் ருசி சம்பந்தப்பட்டவை, இது உங்கள் பிழைப்பு சம்பந்தப்பட்டது.

இவேடுக்குச் சொந்தக்காரர்கள் சிலர் உண்டு, சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டாட்ஜ்’ என்பது அதே வேலையைச் சாமர்த்தியமாகச் செய்வது. பேச்சு வழக்குச் சொல். ‘ஷர்க்’ கடமைக்கும் பொறுப்புக்கும் மட்டும்தான் வரும். நம் ‘தட்டிக்கழித்தல்’ அதற்கு அப்படியே பொருந்தும். ‘சர்கம்வென்ட்’ விதியைச் சுற்றிக்கொண்டு போவது: விதி அங்கேயே இருக்கும், மீறியதாகவும் காட்ட முடியாது, ஆனால் அதன் நோக்கம் தோற்றுப்போயிருக்கும். ‘பைபாஸ்’ அதைவிட மென்மை, சில சமயம் பாராட்டாகக்கூட வரும்.

கோர்ட் ஆவணம் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவாய்டுக்குச் சட்டத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது: செல்லாததாக்குவது. அந்தச் சொல்லுக்குள் ‘வாய்ட்’ இருப்பதைப் பாருங்கள். பழைய பிரெஞ்சில் காலி செய்வது என்ற பொருளிலிருந்து வந்தது. ஒரு ஒப்பந்தத்தை அவாய்ட் செய்தார் என்று தீர்ப்பில் இருந்தால், அவர் ஒப்பந்தம் போடாமல் தவிர்த்தார் என்று அர்த்தமில்லை. போட்ட ஒப்பந்தத்தை ரத்தாக்கினார் என்று அர்த்தம். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ் ‘அவாய்டன்ஸ் அப்ளிகேஷன்’ என்று போடுகிறார்களே, அதுவும் இந்தப் பொருளில்தான். நொடிக்கப்போகிற கம்பெனி, தனக்கு வேண்டியவர்களுக்குச் சாதகமாகச் செய்துவிட்ட பரிமாற்றங்களை ரத்துசெய்யக் கேட்கும் மனு அது. இதைத் ‘தவிர்ப்பு மனு’ என்று மொழிபெயர்த்தால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

அடுத்தது ஷன். பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கிற சொல், அங்கே வெறுப்பும் அதில் கலந்திருந்தது. இன்றைக்கும் அந்த வாடை போகவில்லை. அவாய்ட் ஒரு தடவை நடக்கலாம். ஷன் என்பது தொடர்ந்து, ஒரு வழக்கமாக நடப்பது. ஆளைப் பற்றி வரும்போது இதன் முழு உக்கிரமும் தெரியும். அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களிடம் இதற்கு ‘மைடுங்’ என்று ஜெர்மன் பெயர் உண்டு. ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, பிறகு சபையின் ஒழுங்கை மீறி, மனம் திரும்பவும் மறுத்து விலக்கப்பட்டவரோடு மற்றவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், அவர் கையிலிருந்து எதையும் வாங்க மாட்டார்கள். கணவன் மனைவிக்குள்ளேயே இது நடக்கலாம். 1693இல் யாக்கோப் அம்மான் என்பவர் சுவிஸ் சகோதரர்களிடமிருந்து பிரிந்து போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இந்த விலக்கலை எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடிப்பது என்ற தகராறுதான். அந்த அம்மான் பெயரில்தான் ஆமிஷ் என்ற பெயரே வந்தது. ஒரு சமூகமே பிறக்கக் காரணமான செயலுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘ஷன்னிங்’. அதைக் கொண்டுபோய் பஜ்ஜி, வடை மேல் வைத்தால் கனம் தாங்காது.

நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தச் சொல் வேறு விதமாகவும் புழங்குகிறது. ‘வன்முறையை ஷன் செய்யுங்கள்’ என்று அமைச்சர்கள் வேண்டுகோள் விடுத்ததாகத் தலைப்பு வரும். அங்கே அது ‘கைவிடுங்கள்’ என்ற பொருளில் நிற்கிறது. ஆங்கிலத்தில் நாலே எழுத்து என்பதால் தலைப்பு எழுதுகிறவர்களுக்கு அது வசதி. இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது மட்டும் ‘கிவ் அப்’ அல்லது ‘ரினவுன்ஸ்’ போடுங்கள். சாப்பாட்டு விஷயத்துக்கு ஆங்கிலேயர்கள் சகஜமாகச் சொல்வது ‘ஸ்டே ஆஃப்’, ‘கட் அவுட்’, ‘கிவ் அப்’. எண்ணெய்ப் பலகாரத்தை அடியோடு நிறுத்திவிட்டீர்கள் என்றால் ‘கட் அவுட்’. டாக்டர் சொன்னதால் கொஞ்ச நாள் தொடாமல் இருக்கிறீர்கள் என்றால் ‘ஸ்டே ஆஃப்’. இந்த மாதிரி இரண்டு மூன்று சின்னச் சொற்கள் சேர்ந்த வினைகளை நாம் பள்ளிக்கூடத்தில் தாழ்வாக நினைக்கப் பழகிவிட்டோம். பேசுகிற ஆங்கிலத்தின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது.

எஸ்சூ பொருளுக்கும் பழக்கத்துக்கும் வரும், ஆளுக்குப் பெரும்பாலும் வராது. கொள்கை காரணமாக ஒன்றை வேண்டாம் என்று வைப்பது அது. ஆடம்பரத்தை எஸ்சூ செய்தார், விளம்பரத்தை எஸ்சூ செய்தார் என்று ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் வந்தால் அது பாராட்டு. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் யோபு என்பவர் தேவனுக்குப் பயந்து தீமையை எஸ்சூ செய்தவர் என்று முதல் வசனத்திலேயே இருக்கிறது. நம் பழைய தமிழ் பைபிளில் அதே இடம் ‘பொல்லாப்புக்கு விலகுகிறவன்’ என்று இருக்கும். ‘பொல்லாப்பை விலக்குகிறவன்’ என்று போடாமல் ‘பொல்லாப்புக்கு விலகுகிறவன்’ என்று போட்டவரின் காதை நான் மதிக்கிறேன். தீமையைத் தள்ளிவிடுகிறவரைக் காட்டாமல், தான் ஒதுங்கிக்கொள்கிறவரைக் காட்டிவிட்டார். எஸ்சூவின் அமைதி அப்படியே வந்துவிட்டது. ஆனால் இது ஏட்டுச் சொல். நண்பருக்கு வாட்ஸாப்பில் ‘காபியை எஸ்சூ செய்கிறேன்’ என்று அனுப்பினால் பிரசங்கம் மாதிரி இருக்கும்.

அப்ஸ்டெய்ன் இதற்குப் பக்கத்து வீடு, ஆனால் வாசல் வேறு. செய்ய உங்களுக்கு உரிமையோ ஆசையோ இருக்கிறது. நீங்களே உங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள். மது, மாமிசம், தாம்பத்திய உறவு, வாக்கு, இந்த நாலுக்கும்தான் இது அதிகம் வருகிறது. வாக்கில் இதன் வேலையைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தேர்தலே போதும். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் அது டீக்கடை வரைக்கும் பேசப்பட்டது. வாக்குச்சாவடிக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாக்களிக்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டு வருவது. அது சுத்தமான அப்ஸ்டென்ஷன். 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்த நோட்டா அப்படி இல்லை. அங்கே நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள், அது எண்ணப்படுகிறது. ரோடு போட்டுத் தரவில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்து வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் இருந்தால் அது பாய்காட். நம் பத்திரிகைகள் மூன்றில் இரண்டையாவது ‘புறக்கணிப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன, பிறகு அதை ஆங்கிலத்தில் கொண்டுவர நாங்கள் செய்தி முழுவதையும் படித்து உண்மையில் என்ன நடந்தது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஐ.நா. சபையிலும் இந்த வித்தியாசம் விளையாடியிருக்கிறது. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் பொதுச் சபையில் வந்தபோது 141 நாடுகள் ஆதரவாகவும் 5 எதிராகவும் வாக்களித்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் அப்ஸ்டெய்ன் செய்தன. எங்கள் இடத்தில் இருக்கிறோம், ஆனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை தூக்க மாட்டோம் என்பது அதற்கு அர்த்தம். 1950இல் சோவியத் யூனியன் செய்தது வேறு. சீனாவின் இடம் யாருக்கு என்ற பிரச்சினையில் ஜனவரி முதல் பாதுகாப்புச் சபையையே பாய்காட் செய்து வெளியே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. தென் கொரியாவுக்கு உதவச் சொல்லும் தீர்மானம் ஜூன் 27 அன்று நிறைவேறியது. தடுக்க வீட்டோ அதிகாரம் இருந்தும் தடுக்க ஆள் அங்கே இல்லை. ஆகஸ்டில் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

‘ரிஃப்ரெய்ன்’ ஒரு கணத்துக்கு உரியது. வாய் வரை வந்த வார்த்தையை விழுங்குவது. ‘ஃபோர்கோ’ கிடைக்கக்கூடிய ஒரு நன்மையை வேண்டாம் என்று விடுவது, உதாரணமாக சம்பள உயர்வையோ மானியத்தையோ. இவை இரண்டிலும் பெரிய சிக்கல் கிடையாது.

பாய்காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்பவர் அயர்லாந்தின் மேயோ பகுதியில், லாக் மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தார். விளைச்சல் மோசமாக இருந்த காலம். 1880இல் குத்தகைக்காரர்கள் குத்தகைத் தொகையை 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. கட்டாதவர்களை வெளியேற்ற நோட்டீஸ் போனது. அதே வருஷம் செப்டம்பர் 19 அன்று எனிஸ் என்ற ஊரில், குத்தகைக்காரர்களுக்காகப் போராடிய அயர்லாந்துத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். ஒருவன் வெளியேற்றப்பட்ட நிலத்தை இன்னொருவன் எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்யலாம் என்று அவர் கேட்க, ‘சுட்டுத் தள்ளு’ என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. அதைவிடக் கிறிஸ்தவத்தனமான வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னல். தெருவில், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனைத் தன்னந்தனியாக விட்டுவிடுங்கள், பழைய காலத்துத் தொழுநோயாளியை ஒதுக்கியது மாதிரி ஒதுக்குங்கள் என்றார்.

நிலத்தை எடுத்துக்கொள்கிறவனுக்காகச் சொன்ன வழியை மேயோ மக்கள் ஏஜெண்டின் மேல் பிரயோகித்தார்கள். பாய்காட்டின் வயலில் வேலை செய்தவர்கள் போய்விட்டார்கள். வீட்டு வேலைக்காரர்கள், கொல்லர், துணி வெளுப்பவர் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பாலின்ரோப் ஊர்க் கடைகளில் சாமான் தர மறுத்தார்கள். ‘அன்னந்தண்ணி புழங்கக் கூடாது’ என்று நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே. ஆனால் திசை நேர் எதிர்: இங்கே பெரும்பாலும் பலமுள்ளவர்கள் பலமற்றவர்களுக்குச் செய்தது, அங்கே குத்தகைக்காரர்கள் அதிகாரத்தின் ஆளுக்குச் செய்தார்கள். வயலில் உருளைக்கிழங்கும் மற்றப் பயிர்களும் அழுகும் நிலை வந்ததும் வடக்கிலிருந்து 50 தொண்டர்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீசாரும். சுமார் 500 பவுன் பெறுமான விளைச்சலை எடுக்க 10,000 பவுன் செலவானதாக அப்போது கணக்குச் சொன்னார்கள். அறுவடை முடிந்த கையோடு, நவம்பர் 27 அன்று பாய்காட் ஊரை விட்டுக் கிளம்பினார்.

இந்தப் பெயர் வினைச்சொல்லானது எப்படி என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதி வைத்திருக்கிறார். நடந்தது முழுக்க முழுக்க அவர் சொன்னபடிதானா என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் நேரில் இருந்தவர் எழுதியது. இந்தச் செயலுக்கு ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற சொல்லைப் போட்டால் குடியானவர்களுக்குப் புரியாதே என்று அவர் யோசித்தாராம். உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ’மாலி, ‘பாய்காட் செய்வது என்று சொல்லலாமா?’ என்று கேட்டாராம். அந்த வருஷ முடிவுக்குள் லண்டன் பத்திரிகைகளில் அந்தச் சொல் ஏறிவிட்டது. இது உறுதியான விஷயம். அப்புறம் பிரெஞ்சு, ஜெர்மன் என்று போய், 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு எதிரான தீர்மானமாக இந்தியாவுக்கும் வந்தது.

அவர்கள் கடினம் என்று ஒதுக்கிய ஆஸ்ட்ரசைஸ் இருக்கிறதே, அதுவும் லேசான சொல் இல்லை. பழைய ஏதென்ஸில் ஊருக்கு ஆபத்தாக வளர்ந்துவிட்டார் என்று தோன்றும் ஒருவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். அந்த ஓட்டுக்கு ‘ஆஸ்ட்ரகான்’ என்று பெயர். 6,000 வாக்கு என்பது வரம்பு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பத்து வருஷம் ஊரை விட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது, குற்றமும் சாட்டப்படாது. அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து, ஏதென்ஸ் அரசியல் தலைவர் தெமிஸ்டாக்ளிஸின் பெயர் கீறிய ஏறக்குறைய 190 ஓடுகள் ஒன்றாகக் கிடைத்தன. எழுத்தைப் பார்த்தால் சில பேரே உட்கார்ந்து கீறியவை. ஆளுக்கொரு ஓடாகக் கூட்டத்தில் கொடுக்க யாரோ முன்கூட்டியே தயார் செய்திருக்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரசைஸ் என்றால் ஒரு கூட்டம் தன்னில் ஒருவரை வெளியே தள்ளுவது. வெளியாரை ஆஸ்ட்ரசைஸ் செய்ய முடியாது. பாய்காட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடை, கம்பெனி, நாடு, விளையாட்டுப் போட்டி எதையும் செய்யலாம்.

பாய்காட்டில் இன்னொன்றும் உள்ளே இருக்கிறது: நிபந்தனை. இதைச் செய்தால் நிறுத்துவோம் என்ற பேரம் அதில் உண்டு, அது எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை வைத்து உங்கள் கல்யாண வாக்கியத்தை நீங்களே தீர்மானிக்கலாம். மரியாதையாக வந்து பத்திரிகை வைக்கவில்லை, வந்து அழைத்தால்தான் வருவோம் என்று குடும்பமாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தீர்கள் என்றால் பாய்காட் சரியான சொல். மனத்தாங்கலில் சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை என்றால் ‘ஸ்டேட் அவே ஃப்ரம்’ போதும்.

இந்தியாவில் ‘சோஷியல் பாய்காட்’ என்று எழுதும்போது கவனமாக இருங்கள். அது இங்கே சட்டச் சொல். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும், விதிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது. மகாராஷ்டிர சட்டமன்றம் 2016இல் இதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியது. ஊர்விலக்கு பற்றிய செய்தியை ஆங்கிலத்தில் கொண்டுபோகும்போது வெறும் ‘அவாய்டட்’ என்று எழுதினால் குற்றத்தைக் குறைத்துக் காட்டியதாகிவிடும். ‘ஷன்னிங்’கூட அங்கே போதாது. அதே மூச்சில் இன்னொன்று: எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பரையா’ என்று சாதாரணமாக எழுதுகிறார்கள், ‘பரையா ஸ்டேட்’ என்று நாடுகளுக்கும் போடுகிறார்கள். அது நம் பறையர் என்ற சமூகப் பெயரிலிருந்து, 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போனது. பறை இசைத்த, இன்றும் நம்மோடு வாழ்கிற மக்களின் பெயரை ‘ஒதுக்கத்தக்கவன்’ என்ற பொருளில் எழுத எனக்குக் கை வராது. என்னிடம் வரும் பிரதிகளில் இதை ‘அவுட்காஸ்ட்’ என்று மாற்றினாலும் திருப்தி இல்லை, அதிலும் சாதி வாடை அடிக்கிறது. ‘ஐசொலேட்டட்’ என்று மாற்றிவிடுவேன். உங்களையும் அப்படியே செய்யச் சொல்வேன்.

பேச்சில் வரும் சில தொடர்கள். ‘சென்ட் டு காவென்ட்ரி’ என்றால் ஒருவரோடு எல்லாரும் பேச்சை நிறுத்துவது. பார்னலின் பேச்சிலும் இந்த ஊர்ப் பெயர் வந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் பிடிபட்ட ராஜ விசுவாசிகளை அந்த ஊருக்கு அனுப்பினார்கள், ஊரார் அவர்களோடு பேசவில்லை என்று ஒரு கதை இருக்கிறது. கதை நன்றாக இருக்கிறதே தவிர, தொடர் அதிலிருந்துதான் வந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ‘கோல்ட் ஷோல்டர்’ விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறி வைத்ததிலிருந்து வந்தது என்று சொல்வது நிச்சயமாகப் பிற்பாடு கட்டியது. 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஸ்காட்லாந்து வழக்காக அது எழுத்தில் வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் காட்டுவது என்ற பொருளில்தான் வருகிறது. ‘கிவ் எ வைட் பெர்த்’ கப்பல்காரர்கள் பேச்சு, இடம் விட்டுத் தள்ளிப் போவது. ‘கோஸ்டிங்’ எல்லாருக்கும் தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுத்துக்கொள்வது.

‘அவன் என்னை அவாய்ட் பண்றான்’ என்று தமிழில் சொல்கிறோமே, அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். எதிரே வந்தும் பார்க்காத மாதிரி போகிறார், மெசேஜைப் படித்தும் பதில் போடவில்லை என்றால் அது ‘இக்னோர்’. உங்களைச் சந்திக்கவே கூடாது என்று வேறு பஸ்ஸில் போகிறார் என்றால்தான் ‘அவாய்ட்’. நாம் இரண்டுக்கும் ஒன்றையே சொல்லிப் பழகிவிட்டோம்.

கடைசியாக வாக்கிய அமைப்பு. அவாய்டுக்குப் பின் ‘டு’ வராது. ‘அவாய்ட் டு கோ’ தப்பு, ‘அவாய்ட் கோயிங்’ சரி. அப்ஸ்டெய்னுக்கும் ரிஃப்ரெய்னுக்கும் பின்னால் ‘ஃப்ரம்’ கட்டாயம். ஷன், எஸ்சூ, இவேட், பாய்காட் நாலுக்கும் ‘ஃப்ரம்’ கூடவே கூடாது. எஸ்சூவை உச்சரிக்கும்போது நடுவில் ‘ச்’ நன்றாக அழுத்தமாக விழ வேண்டும், ‘இஸ்-ச்சூ’ என்று; ‘எஷ்யூ’ என்று சொல்கிறவர்களும் ஆங்கிலேயர்களிலேயே இருக்கிறார்கள், சில அகராதிகள் அதையும் ஒப்புக்கொள்கின்றன.